புக்கிங் கேட்டு வந்த அம்மா

இஞ்ஞாசி: வயிறு குலுங்கச் சிரிக்கிறதுக்கு வெல பதினெட்டாயிரங்க. ஒரு மணி நேர ஷோ. மைக் செட்டு தனி.

விமலாராணி: சும்மா நின்னு பேசுறதுக்கா?

இஞ்ஞாசி: முப்பது வருச சர்வீஸும்மா. விருத்தாசலம் இஞ்ஞாசின்னா சிதம்பரம் வரைக்கும் தெரியும். ஃபங்ஷன் என்னைக்கு?

விமலாராணி: இன்னும் முடிவாவல.

இஞ்ஞாசி: எந்த மண்டபம்?

விமலாராணி: அதுவும்... பாக்கணும். நீங்க தண்ணி போடுவீங்களா?

இஞ்ஞாசி: மேடைல சோடாதாங்க.

விமலாராணி: மேடைய வுடுங்க. வூட்டுல?

இஞ்ஞாசி: புக்கிங்குக்கு வந்தீங்களா, கேஸு விசாரிக்க வந்தீங்களா?

விமலாராணி: காசு குடுக்கறவங்க நாலும் கேப்போமில்ல. இது சொந்த வூடா? எத்தன ரூமு?

இஞ்ஞாசி: ரெண்டு. ஜோக்கு சொல்ல அது போதும்.

விமலாராணி: கூட யாரு வருவாங்க?

இஞ்ஞாசி: எம் பையன் ஜோ. மைக்க அவன் பாத்துக்குவான்.

விமலாராணி: அதான் அவரு வேலையா?

இஞ்ஞாசி: ஐயோ, அவன் ரயில்வேங்க! லீவு நாள்ல மட்டும் எங்கூட...

விமலாராணி: பர்மனென்டா?

இஞ்ஞாசி: பர்மனென்ட்டுதான். நோட்டீஸுல அடிக்கப் போறீங்களா?

விமலாராணி: இல்ல, சும்மா... உங்க வீடியோ ஒண்ணு பாத்தேன். அரமணி நேரமும் பொண்டாட்டிய கலாய்ச்சே பேசுனீங்க.

இஞ்ஞாசி: ஜனம் அதுக்குத்தாங்க சிரிக்குது.

விமலாராணி: அவங்க கொறட்ட, அவங்க சாம்பாரு... எல்லாம் மைக்ல. நாளைக்கு மருமவ வந்தா?

இஞ்ஞாசி: மருமவளுக்கும் புக்கிங்குக்கும் என்னங்க சம்பந்தம்?

விமலாராணி: சரி, ஒடச்சே சொல்றேன். ஃபங்ஷனும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம் மவ ஆன் மேரி, உங்க ஜோவத்தான் கட்டுவேங்கிறா. செராமிக் கம்பெனி நடத்துறோம், ஊரு மதிக்கிற குடும்பம். அவ வச்ச ரசத்த நீங்க சேத்தியாத்தோப்பு வரைக்கும் சொல்லிச் சிரிச்சா, அவ மூஞ்ச எங்க கொண்டு போயி வச்சிக்குவா?

இஞ்ஞாசி: மருமவ பேரு மேடையேறாது. சத்தியம்.

விமலாராணி: வாயால பொழைக்கிறவரு சத்தியத்த எப்டிங்க நம்புறது?

இஞ்ஞாசி: பொண்டாட்டி ஜோக்கு பூரா எழுதிக் குடுக்கறதே எம் பொண்டாட்டிதாங்க. அவ எழுதாதத நான் பேசுனதில்ல.

விமலாராணி: நெசமாவா? அவங்கள கூப்புடுங்க, நேர்லயே கேட்டுடறேன்.

இஞ்ஞாசி: உள்ளாறதான் இருக்கா, வர்றதுக்குக் கூச்சம். நீங்க செருப்பு கழட்டும்போதே யாருன்னு சொல்லிட்டா. நேத்து உங்க கம்பெனில ஊறுகா ஜாடி வாங்க வந்த மாதிரி தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டே, உங்க பொண்ண ஒரு மணி நேரம் பாத்துட்டு, ஒண்ணும் வாங்காம வந்தது அவதாங்க. நீங்க கேட்ட ஷோ ஒண்ணு, அவ கேட்ட ஜாடி ஒண்ணு. ரெண்டு பக்கமும் யாவாரம் ஆவல... கணக்கு நேர்.