கரை சேர்ந்தாச்சு

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. பருத்தித்துறையில் அன்று முழுவதும் மின்சாரம் இருந்தது. என் லப்டொப் ஒருமுறைகூட நிற்கவில்லை.

மீனவர் சங்கத்தின் போன் குறூப்புக்கு அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவன் நான். கடலுக்குப் போனவர்களுக்கு விடிந்ததும் ஒரு மெசேஜ் போகும். அதன் கீழே ‘கரை சேர்ந்தாச்சு’ என்று ஒரு பட்டன். அழுத்தினால் செயலி அந்தக் கணமே என் வீட்டு லப்டொப்பில் ஓடும் சேர்வருக்குத் தெரிவிக்கும். வெப்ஹூக் என்பது அதுதான். உடனே குறூப்பில் அவருடைய பெயர் பச்சையாகும். பத்து மணிவரை அழுத்தாதவரின் பெயர் சிவப்பாகும். சங்கம் தேடப் படகு அனுப்பும்.

டிலக்ஷன் என்னோடு படித்தவன், தனியாளாய்த் தொழிலுக்குப் போகிறவன். அவன் மட்டும் அழுத்தமாட்டான். இரண்டு தடவை படகுகள் அவனைத் தேடி அலைந்தபோது அவன் வீட்டில் நித்திரை. சங்கத் தலைவர் பஞ்சலிங்கம் எல்லாருக்கும் முன்னால் கேட்டார்:

“கஜீவன், உன்ரை மிசின் ஆள் செத்தாத்தான் சரியாச் சொல்லுமோ?”

“உவன்ரை பட்டனை அமத்திறதைவிடக் கடலிலை கிடக்கிறது சுகம் அண்ணை,” என்றான் டிலக்ஷன். எல்லாரும் சிரித்தார்கள்.

இன்னொரு பொய்ச் சிவப்பு வந்தால் நிறுத்திவிடுவது என்று சங்கம் முடிவெடுத்தது. மற்றவர்கள் ஒழுங்காக அழுத்துகிறார்கள். ஒருவனுக்காக அவர்களுடைய பாதுகாப்புப் போகலாமா? நீங்களே சொல்லுங்கள்.

சோதனைக்கென்று, போன் இல்லாமலே யார் பெயரிலும் அந்த அழுத்தலை அனுப்ப ஒரு வழி வைத்திருந்தேன். அன்று பத்து மணிக்குச் சற்று முன் அவன் பெயரில் அனுப்பினேன். பச்சையானது. படகை வேறு துறையில் விட்டிருப்பான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மத்தியானம் அவன் மனைவி நிரோஜா படலையடியில் வந்து நின்றாள்.

“கஜீவன் அண்ணை, இவர் இன்னும் வரேல்லை. போனும் வேலை செய்யேல்லை.”

“வந்திட்டான். இஞ்சை பாரும், பச்சை.”

“அப்ப எங்கையோ குடிச்சிட்டுக் கிடக்கிறார். வரட்டும், வைக்கிறன்.”

அவள் ஆறுதலோடு திட்டிக்கொண்டு போனாள்.

நீங்கள் கேட்கப்போவதை நானே சொல்லிவிடுகிறேன். அனுப்புவதற்கு முன் துறைக்குப் போய்ப் பார்த்தேன். அவன் படகு கட்டுகிற இடம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் அனுப்பினேன். கொஞ்சம் பிந்தி வருவான் என்று நினைத்தேன். நிரோஜா போனபின் மாற்றியிருக்கலாம். மாற்றினால், முதலில் எப்படிப் பச்சையானது என்று கேட்பார்கள்.

வியாழக்கிழமை வல்லிபுரக் கடற்கரையில் உடல் ஒதுங்கியது. செவ்வாய் பின்னேரம்வரை உயிர் இருந்திருக்கும் என்று வைத்தியர் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் ஏற்பாடு ஒரு பொய்ச் சிவப்பும் காட்டவில்லை.