சக்களத்தியின் வால்

— நகர்த்தாத. அந்தப் படத்துலயே நிறுத்து.

— ஏங்க, சாப்பாட்டு மேஜையில கம்ப்யூட்டரை விரிச்சு வச்சுக்கிட்டு சோத்தை ஆற விடுறீங்களே. முதல்ல ரெண்டு வாய் சாப்பிடுங்க.

— சோறு எங்கயும் ஓடிடாது. யாரு இவனை கிளவுஸ் போடச் சொன்னது?

— யாரை?

— உன் சுருட்டைத் தலையனைத்தான். ராஜநாகத்தோட வாலைப் பிடிக்கிறவன் கிளவுஸ் போடுவானா? அவ திரும்புறதுக்கு முன்னாடி வால் லேசா இறுகும். அந்த இறுக்கம் விரலுக்குத் தெரியணும். தோலை மாட்டிக்கிட்டுப் பிடிச்சா என்ன தெரியும், மண்ணாங்கட்டி?

— உன் சுருட்டை, உன் சுருட்டைன்னு சொல்லாதீங்க. பாம்புப் பண்ணையில உங்க இடத்துக்கு வேலைக்கு வந்தவர் அவர். நானா வெத்தலை பாக்கு வச்சு அழைச்சேன்?

— அவராம், அவர். சீப்பு நுழையாத தலையை வச்சுக்கிட்டு வந்தவனுக்கு மரியாதையைப் பாரு.

— அவரு முடி உங்களை என்னங்க பண்ணுச்சு? இருக்கிறவங்க வச்சுக்கிறாங்க.

— அதானே பார்த்தேன். இத்தனை வருஷம் கழிச்சு என் வழுக்கை உன் கண்ணுல படுது.

— ஐயோ சாமி, சிரிக்க வைக்காதீங்க, புரை ஏறுது.

— சிரி, சிரி. அடுத்த படத்தைப் போடு. இரு... கட்டைவிரலைப் பாரு.

— என்ன அதுக்கு?

— வாலைச் சுத்தி மூடாம மேலாப்புல நீட்டி வச்சிருக்கான் பாரு. அது என் பிடி. மூடிப் பிடிச்சா அவளுக்குக் கோபம் வரும். நானே பட்டுப் பட்டுக் கத்துக்கிட்டது. ஒரு பயலுக்கும் சொல்லிக் குடுத்ததில்லை. நீதானே போட்டுக் குடுத்த?

— நான் யாருக்கும் எதையும் போட்டுக் குடுக்கலை. இத்தனை நாளும் நீங்க வாலைப் பிடிச்சீங்க, நான் எதிர்ல உட்கார்ந்து படம் பிடிச்சேன். உங்க கை ரேகை கூட எனக்கு மனப்பாடம். அவ்வளவுதான்.

— மனப்பாடம் பண்ணினதை ஊருக்குத் தானம் பண்ணிட்ட.

— என்னங்க நீங்க! பாம்பை அவ, அவள்னு இப்படி உருகுறீங்களே, கல்யாணமான புதுசுல நான் பட்ட பாடு தெரியுமா? ஒருநாள் ஃபோன்ல யார்கிட்டயோ சொல்லிக்கிட்டிருக்கீங்க. "இன்னைக்கு அவ ஒண்ணும் சாப்பிடலை. நாளைக்குள்ள சட்டையை உரிச்சிடுவா, நான் பக்கத்துலயே இருக்கணும்"னு. கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

— அதுக்குத்தான் மறுநாளே கூட்டிட்டுப் போய்க் காட்டினேனே.

— காட்டினீங்க. பார்த்தப்புறம்தான் வயிறு இன்னும் எரிஞ்சுது. பொம்பளையா இருந்தாலாவது சண்டை போடலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிக்கிற சக்களத்திகிட்ட என்னன்னு சண்டை போடுறது? என் பிறந்தநாள் மறந்தாலும் மறப்பீங்க, அவ தீனி நாளை மறந்ததே இல்லை.

— சரி, சரி. பழசைக் கிளறாத. நாளைக்கு என்ன வேலை?

— பாம்புப் புத்தகத்துக்கு அட்டைப்படம். அவ நிமிர்ந்து நிக்கிற மாதிரி.

— அதுக்கு நான் வர்றேன்.

— எதுக்கு?

— வாலைப் பிடிக்க. என் பாம்பு, அட்டையில அவன் கையா? நான் இன்னும் செத்துப் போகலை.

— போகாம இருக்கத்தான் டாக்டர் அத்தனை தூரம் சொன்னார்! கேளுங்க, போன தடவை நல்ல பாம்பு கடிச்சதுக்கு விஷமுறிவு மருந்து ஏத்தினாங்களே, அந்த மருந்துக்கே உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சடைச்சு, உதடு நீலமா கிடந்தீங்க. வெளியில நின்னது நான். "இனி ஒரு கடின்னா விஷத்துக்குத் தப்பினாலும் மருந்துக்குத் தப்பமாட்டார்"னு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

— அவ என்னைக் கடிக்கமாட்டா.

— எல்லாரும் கடிபடுறதுக்கு முந்தின நாள் சொல்றதுதான் அது.

— அடுத்த படம் போடு, பேச்சை மாத்தாத. இது என்ன... கண்ணு மங்கலா இருக்கு.

— யாரு கண்ணு?

— அவ கண்ணுதான். வேற யாரு? பாம்புப் படம்னா பாம்போட கண்ணு பளிச்சுன்னு இருக்கணும், மத்ததெல்லாம் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லைன்னு எனக்கே பாடம் நடத்தினவ நீ. இங்க கண்ணு மங்கல். கை பளிச்சுன்னு இருக்கு. கிளவுஸோட தையல் கூட எண்ணிடலாம்.

— வெளிச்சம் பத்தலை.

— வெளிச்சம் பத்தலைன்னா எல்லாமே கெட்டிருக்கணும். தா, நானே தள்ளுறேன். இதுல, கை. இதுல, கை. இதுலயும் கைதான். உன் வேலையில இப்படி ஒரு தப்பை நான் பார்த்ததே இல்லை.

— ஆளுக்கு ஒருநாள் சறுக்கும்.

— சறுக்கினது எதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டே ரெண்டு பேர் இருக்கிற ரூம். கதவு உள்பக்கம் தாழ். எதிர்ல அத்தனை பெரிய பாம்பு நிமிர்ந்து நிக்குது, அதைப் பார்க்காம உன் கண்ணு அவன் கையில ஒட்டிக்கிட்டிருக்கு.

— வாயைக் கழுவுங்க.

— பொறாமைதான். ஆமா, பொறாமைதான்னு வச்சுக்கோ! பகலெல்லாம் இங்க சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். என் வேலை அவனுக்கு. என் பாம்பு அவனுக்கு. இப்போ...

— இப்போ? முழுசாச் சொல்லுங்க.

— சொல்லமாட்டேன். பாம்பு ரூம் சாவியைக் குடு. காலையில நான் முன்னாடி போறேன்.

— சாவி தரமாட்டேன். அதுக்குப் பதிலா ஒண்ணு சொல்றேன், கத்தாமக் கேளுங்க. இந்தப் படங்களை எடுத்தது நான் இல்லை.

— வேற யாரு?

— சுருட்டை. அவருக்குக் கேமராவை நேராப் பிடிக்கவே இப்போதான் தெரியும். கண்ணைப் பாருங்க, கண்ணைப் பாருங்கன்னு நானும் தொண்டை வத்தக் கத்தினேன். "பயமா இருக்குக்கா, உங்க கையை விட்டு என் பார்வை நகரமாட்டேங்குது"ன்னுட்டார்.

— என்னது? அந்த ரூமுல இருந்ததே ரெண்டு பேர்... அப்போ இந்த வாலைப் பிடிச்சிருக்கிற கை...

— உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் கிளவுஸ். வெறும் கையைப் பார்த்தா ஒரே பார்வையில கண்டுபிடிச்சிருப்பீங்க.

— அடிப்பாவி! உனக்கு எதுக்குடி இந்த வேலை? அவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான்ல, அவன் பிடிச்சிட்டுப் போகட்டுமே!

— என்னதான் சக்களத்தியா இருந்தாலும், அவளை இன்னொருத்தர் கையில விட எனக்கும் மனசு வரலைங்க.