கேப்டன் டோர்லைஃபுக்கு மூச்சே வாங்காது

— இன்னும் கொஞ்சம் அமுக்குனீங்கன்னா அந்த ஸ்கேன் கருவி என் முதுகுப் பக்கமா வெளிய வந்துடும், டாக்டரம்மா.

— சிரிக்காதீங்க டோர்லைஃப், படம் ஆடுது. இடது பக்கமாவே படுங்க. மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க... ஆச்சு. இப்ப இழுத்துக்கலாம்.

— முப்பத்தெட்டு வருஷம் மலைங்களுக்கு நடுவுல ஃபியோர்டு கடல்கழிக்குக் குறுக்க பயணிங்க படகு ஓட்டுன நெஞ்சு இது. இதுல என்னத்தைத் தேடறீங்க?

— தேட என்ன இருக்கு? இதயத்துலேர்ந்து ரத்தம் வெளிய போற வால்வு இறுகிப் போச்சுன்னு போன வருஷமே சொன்னோம். இப்ப சுண்டு விரல் நுழையற அளவுதான் திறக்குது.

— திறக்குதுல்ல? இதயம் அறுபது சதவீதம் ரத்தத்தைத் தள்ளுது, பிரமாதம்னு நீங்கதானே சொன்னீங்க!

— இப்பவும் அறுபதுதான். ஆனா இன்னிக்கு வேற ஒண்ணும் அளந்தேன். திரையைப் பாருங்க. இதயச் சதையில புள்ளி புள்ளியா தெரியுதா? ஒவ்வொரு துடிப்புலயும் புள்ளிங்க ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு கிட்ட வருதுன்னு கம்ப்யூட்டர் பார்க்கும். நல்ல சதை நீளவாக்குல நூத்துக்கு இருபது சுருங்கும். உங்களுது பதிமூணு.

— அப்ப அந்த அறுபது பொய்யா?

— பொய்யில்ல. படகு நேரத்துக்குக் கரை சேருது. கீழ இஞ்சின்தான் கொதிக்குது.

— ஓ! இப்படிச் சொன்னா புரியுது. மேல பயணிங்க ஜாலியா காப்பி குடிச்சிட்டிருப்பாங்க.

— அதேதான். வால்வை மாத்திடலாம். புதுசைத் தொடை ரத்தக்குழாய் வழியாவே கொண்டு போகலாம், நெஞ்சைத் திறக்க வேணாம். தள்ளிப்போட்டா சதை பழையபடி ஆகாமலே போயிடலாம்.

— கிறிஸ்துமஸ் கழியட்டும், பாத்துக்கலாம்.

— அதென்ன கிறிஸ்துமஸ் கணக்கு? நீங்களாவது சொல்லுங்க குன்வோர், உங்க வீட்டுக்காரர் எதுக்குப் பிடிவாதம் பிடிக்கிறார்?

— கோப்பைக்கு, டாக்டர்! சொல்லவே வெக்கமா இருக்கு. மலை உச்சியில பெட்டிக்குள்ள நோட்டு வெச்சிருக்காங்கல்ல? வருஷத்துக்கு நூறு தடவை ஏறிக் கையெழுத்துப் போட்டா ஊர்ச் சங்கத்துல ஒரு பீங்கான் கோப்பை தருவாங்க. இந்த மனுஷன் எண்பத்தொண்ணு போட்டாச்சு.

— பதினோரு கோப்பை வீட்ல இருக்கு, டாக்டரம்மா. இதோட ஒரு டஜன்!

— அது இருக்கட்டும். வாரம் ரெண்டு தடவை மலை ஏறறீங்க. மூச்சு வாங்கலையா?

— சேச்சே.

— நம்ம நார்வேக்காரங்ககிட்ட இதைக் கேக்கறதும் ஒண்ணு, பாறைகிட்ட கேக்கறதும் ஒண்ணு. வழியில எங்கயுமே நிக்கிறதில்லையா?

— நிப்பேன், இவளுக்காக. மார்ச்லேர்ந்து இவளுக்கு முழங்கால் வலி. ரெண்டு திருப்பத்துக்கு ஒரு தடவை உக்காந்துடுவா. நடு மலையில பொண்டாட்டியை விட்டுட்டா போக முடியும்?

— எந்த முழங்கால், குன்வோர்?

— இடது... இல்ல, வலது.

— பாத்தீங்களா, ரெண்டுமே வலிக்குது, பாவம்! நான் போய்ப் படுத்துட்டா இவளை யார் பாத்துக்குவா?

— போதும் டோர்லைஃப். எனக்கு முழங்கால் வலியே கிடையாது.

— என்னது?

— ஏறும்போது உன் மூஞ்சி வெளுத்துப் போகுது. நில்லுன்னா, 'நான் என்ன கிழவனா'ன்னு எகிறுவே. நான் உக்காந்தாத்தானே நீ நிக்கறே? அதான் உக்காந்தேன். நடிக்க ஆசையா எனக்கு? பயம். எந்தத் திருப்பத்துல சுருண்டு விழுவியோன்னு.

— அழாதீங்க குன்வோர், இந்தாங்க, முகத்தைத் துடைங்க. டோர்லைஃப், கேட்டீங்கல்ல?

— வால்வு மாத்தத் தேதி பாருங்க, டாக்டரம்மா. கோப்பை கிடக்குது. மூச்சு வாங்குதுன்னே எழுதிக்கங்க.

— எப்பலேர்ந்து?

— மார்ச்லேர்ந்து.

— அடப்பாவி! அப்ப நான் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்ததெல்லாம்...?

— நடிப்புன்னு மொத வாரமே தெரியும்டி. பஸ்ஸைப் பிடிக்க நீ தலைதெறிக்க ஓடுனதை ஜன்னல் வழியாப் பாத்தேனே. ஆனாலும் மலையில ஒவ்வொரு திருப்பத்துலயும், நீ எப்படா உக்காருவேன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்.