துணி போட்டுவிட்டுப் போன கப்பல்

சத்தம் வருகிறது. மொபெட் மேட்டில் ஏறுகிற மாதிரிச் சத்தம். வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். நான் லாண்டரி வாசலில் நிற்கிறேன். மாமா எனக்கு முன்னால் துறைமுக ரோட்டில் வண்டி தள்ளிக்கொண்டு போகிறார். வண்டி நிறைய வெள்ளைச் சட்டை. கப்பல்காரர்களுடைய சட்டை.

சத்தம் தலைக்கு மேலே வந்துவிட்டது.

"மாமா, படுங்க! கீழ படுங்க!"

அவர் படுக்கவில்லை. கடலைப் பார்த்து நின்றார். அங்கே கப்பல் இருக்க வேண்டும். இல்லை. வெறும் தண்ணீர்.

முதல் வெடி. காது அடைத்துப் போனது. அதற்கப்புறம் எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. ஜன்னல் விழுந்தது. வண்டி எழும்பியது. சட்டைகள் பறந்தன. இரண்டாவது வெடி எனக்குக் கேட்கவில்லை. காலுக்குக் கீழே தரை குலுங்கியது. அவ்வளவுதான் தெரியும்.

மாமா என்றால் என் அக்கா மீனாவின் வீட்டுக்காரர். பேர் கதிரேசன். ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். அவரோடு சேர்ந்து தேய்த்தேன். புத்தூரில் ஒரு ஏஜென்ட் எங்கள் இரண்டு பேரையும் வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஒரு லாண்டரிக்கு அனுப்பினார். போகும்போது அங்கே சண்டை இல்லை. போன பிறகு வந்தது.

சண்டையோடு ஒரு போர்க்கப்பலும் வந்தது. நட்பு நாட்டுக் கப்பல் என்றார்கள். கரையிலிருந்து அதற்குத் தண்ணீர் போகும், காய்கறி போகும், எண்ணெய் போகும். அதன் அழுக்குத் துணி எங்களிடம் வரும். மொபெட் மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு குண்டு ட்ரோன் வந்தால் அந்தக் கப்பல் சுடும். டக டக டக. வானத்திலேயே தீர்த்துவிடும். அது நிற்கிற வரைக்கும் எங்களுக்குப் பயமில்லை. அது கிளம்பிவிட்டால்? துறைமுகத்தில் எல்லார் வயிற்றிலும் இருந்த கேள்வி அது.

மாமா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஊரைக் காலி பண்ணுகிற வீடு துணி போடாது. போட்டிருந்தால் ஓடி வந்து முதலில் அதைத்தான் வாங்கும். ஒரு வீடு மாற்றலாகிப் போகப்போகிறது என்றால் பக்கத்து வீட்டுக்குத் தெரிவதற்கு முன்னால் இஸ்திரி வண்டிக்குத் தெரியும்.

கப்பலிலிருந்து தினமும் ஒருத்தன் மூட்டை கொண்டுவருவான். அவன் பேர் எங்கள் வாயில் நுழையவில்லை. பூனைக்கண்ணன் என்று வைத்துக்கொண்டோம். நான் மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவனும் மாமா என்றே கூப்பிட்டான். மாமா அவனை மாப்ளே என்பார். எங்கள் டீயைக் குடித்துவிட்டு, சக்கரை போதவில்லை என்று மூஞ்சியைச் சுளித்துக் காட்டுவான்.

வியாழக்கிழமை மதியம் பேச்சு வந்துவிட்டது. கப்பல் கிளம்பப்போகிறது என்று. சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து நின்றது. பயப்படுகிறவர்கள் தூரத்து முகாமுக்குப் போகலாம் என்றார்கள். நான் பெட்டியோடு வாசலுக்கு வந்துவிட்டேன். அப்போது பூனைக்கண்ணன் வந்தான். எப்போதையும்விடப் பெரிய மூட்டைகள். காலையில் வேண்டும் என்று சைகை காட்டினான். சிரித்தான். மாமா என்றான். தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

மாமா மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கடா போவான்? அவன் ஜட்டி முதக்கொண்டு நம்மகிட்ட கெடக்கு. பெட்டிய உள்ள வை."

வைத்தேன். பாய்லர் பார்க்கிற வங்காளத்துக்காரரும் மாமா முகத்தைப் பார்த்தார். அவரும் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

துவைத்தோம், தேய்த்தோம். மெஷின் சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்கவில்லை. சண்டைக்காலத்தில் கப்பலில் விளக்கு எரியாது. அது போனது எங்களுக்குத் தெரியவில்லை.

புகை விலகியதும் மாமாவை நான்தான் முதலில் பார்த்தேன். போர்த்த ஒன்றும் இல்லை. ரோடெல்லாம் சட்டை. சில சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை. அவர் மடித்த மடிப்பு. பிரித்துத்தான் போர்த்த வேண்டியிருந்தது.

திருச்சிக்கு அவர் பெட்டியில் போனார். எனக்கு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. ஓயாமரிச் சுடுகாட்டில் எரித்ததைப் போனில் பார்த்தேன். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அக்கா என்னிடம் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"கப்பல் இல்லன்னா அவர் ஏன்டா அங்க போனாரு?"

சண்டை நின்றது. அதே கப்பல் திரும்பி வந்தது. உடம்பு முழுக்கக் கொடி. பேண்டு வாத்தியம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையாட்டினார்கள். மைக்கில் என்ன பேசுகிறார்கள் என்று கூட வேலை பார்த்த மலையாளியிடம் கேட்டேன். இந்தத் துறைமுகத்தைக் காப்பாற்றிய கப்பல் என்கிறார்களாம்.

பூனைக்கண்ணன் லாண்டரிக்கு வந்தான். துணி கேட்டான். மிச்சமிருந்ததைத் தேய்த்து வைத்திருந்தேன். கொடுத்தேன். அடுத்தவன் துணியை வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் கிடையாது. அவன் எண்ணினான். குறைந்தது. நிமிர்ந்து, மாமா எங்கே என்று கேட்டான்.

ரோட்டைக் காட்டினேன். ஒரு சட்டையை எடுத்து விரித்து, தரையில் போர்த்திக் காட்டினேன்.

அவன் எண்ணிய சட்டைகளைக் கீழே வைத்தான். அப்புறம் மலையாளியிடம் மெதுவாக என்னமோ சொன்னான். மலையாளி என் முகத்தைப் பார்க்காமல் எனக்குச் சொன்னார். கப்பல் போகப்போவது வியாழக்கிழமை மதியமே அவனுக்குத் தெரியுமாம். கரையில் யாருக்கும் தெரியக் கூடாதாம். அதனால் எப்போதும் போலத் துணி போடு, காய்கறி சொல்லு என்று மேலே இருந்து சொன்னார்களாம்.

"ஆர்டர்" என்றான் பூனைக்கண்ணன். அந்தச் சொல் எனக்கே புரிந்தது.

தெரிந்துகொண்டுதான் சிரித்தான். தெரிந்துகொண்டுதான் மாமா என்றான்.

இப்போது வடக்குச் சித்திரை வீதி வண்டியில் நான் தேய்க்கிறேன். அக்காவுக்குப் பதில் சொல்லிவிட்டேன். துணி கொடுக்கப் போனார் என்று. அவளும் இஸ்திரிக்காரர் பெண்டாட்டி. அதற்கு மேல் கேட்கவில்லை. துணி போடுகிறவர்கள் சாயங்காலம் வருகிறேன் என்கிறார்கள். சரிங்க என்கிறேன். மூட்டையைப் பார்ப்பதில்லை. அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன்.

இழந்தது இவ்வளவு. மாமா. மாமா பேச்சை நம்பி பஸ் ஏறாத வங்காளத்துக்காரர். அந்தக் காலையில் கப்பலுக்குக் காய்கறி கொண்டுவந்த லாரி டிரைவர், பேர் தெரியாது. என் இடது காது. நடக்கப் பழகும் அக்கா பாப்பாவுக்கு அப்பா.

கப்பலில் ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லை. அவர்களுக்குப் பதினோரு சட்டை குறைந்தது.