இரும்புச் சந்து

அக்கா: ...முடியாதுன்னா முடியாதுடா. மொதல்ல பழைய வயர்லெஸ் செட்டுல பேசு. நீ செஞ்ச புதுப் பெட்டியை நான் சொன்னப்புறம் போட்டாப் போதும்.

தம்பி: சரி தாயே, பழைய செட்டுதான். கத்தாதே. கிரேனை எங்க ஓட்டிட்டிருக்கே?

அக்கா: ஆபீஸ் பக்கம். வெட்டவெளியில.

தம்பி: கொக்கியில சரக்கு?

அக்கா: ஒண்ணும் இல்ல. காலி.

தம்பி: இரும்புச் சந்துக்குள்ள மட்டும் போயிடாதே. ரெண்டு பக்கமும் ஆறு அடுக்குக் கன்டெய்னர். அங்க போனா...

அக்கா: ஒரு வார்த்தை வராது. பதினோரு வருஷமா ஓட்டுறவகிட்ட சொல்றியா?

தம்பி: ஏன் வராதுன்னு தெரியுமா?

அக்கா: ஆரம்பிச்சுட்டான்...

தம்பி: நான் பேசுறது நேராவும் வருது, இரும்புல முட்டி மோதி கொஞ்சம் லேட்டாவும் வருது. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துக்குது. என் பெட்டி என்ன பண்ணும்னா...

அக்கா: போன மாசம் பண்ணினதைத்தான் பார்த்தேனே! கீழ நின்ன ஆளு தொண்டை கிழியக் கத்துறான், என் காதுல வெறும் கரகர. அவன் ஒரு எட்டு தள்ளிக் குதிக்கலேன்னா...

தம்பி: ...என் தப்புதான்க்கா.

அக்கா: என்ன தப்புன்னு சொல்லு.

தம்பி: அனுப்புற பெட்டிக்கும் வாங்குற பெட்டிக்கும் முன்னாடியே தெரிஞ்ச ஒரு சத்தத்தை அனுப்புவோம். அது எப்படிக் கோணலா வந்து சேருதுன்னு பார்த்து, பெட்டி தானே நிமித்திக்கும். அந்தப் பாடத்தை நான் அன்னிக்குக் காலையில ஒரே ஒரு தடவைதான் நடத்தினேன். யார்டு காலியா இருந்தப்போ.

அக்கா: மத்தியானத்துக்குள்ள மூணு கப்பல் சரக்கை அடுக்கியாச்சேடா!

தம்பி: அதான். கிரேனும் நகருது, அடுக்கும் மாறுது. இப்போ கண்ணிமைக்கிற நேரத்துல பல தடவை புதுசாக் கத்துக்குது.

அக்கா: இதை சூப்பர்வைசர்கிட்ட சொன்னியா?

தம்பி: அந்த உம்மணாமூஞ்சிகிட்டயா? இன்னிக்கு சரிவரலேன்னா பெட்டியைக் கழட்டி எறிஞ்சிடுவாராம். ரெண்டு வருஷ உழைப்புக்கா... அந்த மனுஷன் சிரிச்சு யாராவது பார்த்திருக்காங்களா?

அக்கா: டேய்... டேய், மெதுவா பேசு.

தம்பி: அவருக்கு எங்க கேக்கப்போகுது? என் குரல் எப்படி இருக்கு?

அக்கா: பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி. நீ மூக்கை உறிஞ்சுறதுகூடக் கேக்குது, கர்மம்.

தம்பி: கரகரப்பு? கொஞ்சம்கூட இல்லையே?

அக்கா: உன் மேல சத்தியமா இல்ல. பழைய செட்டே இப்படிப் பேசுதே, அப்புறம் உன் பெட்டி எதுக்கு?

தம்பி: அக்கா... திட்டாதே. ஆரம்பத்துல இருந்தே ஓடுறது என் பெட்டிதான். சொல்லியிருந்தா நீ பயத்துலயே காதைப் பொத்தியிருப்பே. ஜெயிச்சாச்சுக்கா! இன்னும் அந்தச் சந்து ஒண்ணுதான் பாக்கி. அங்க மட்டும்...

அக்கா: மடையா, நான் மொதல்ல இருந்தே சந்துக்குள்ளதான் முன்னயும் பின்னயும் ஓட்டிட்டிருக்கேன்! உன் பெட்டி உருப்படாதுன்னு நேர்ல காட்டத்தான் சூப்பர்வைசரையும் ஏத்திக்கிட்டு வந்தேன். தோத்துட்டேன்டா, சந்தோஷமாத் தோத்துட்டேன்! அவர் என் பின் சீட்டுலதான், காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு... எல்லாத்தையும் கேட்டுட்டு உன் பெட்டியையே வச்சுக்கலாம்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. ஓடி வாடா, உம்மணாமூஞ்சி சிரிக்கிறாரு!