பட்டனுக்கு இனி ஊசி இல்லை

— காதை இப்படி வெதுவெதுப்பான துணியால ஒத்தணும்மா. அப்பத்தான் ரத்தம் ஓரத்துக்கு வரும். கடுகளவு போதும்.

— ஆறு மாசமா ரெண்டு வேளையும் இதே பாடம், தம்பி. பட்டனுக்கே மனப்பாடம் ஆயிருக்கும்.

— பூனைக்கு ஆயிருக்கும். உங்களுக்குத்தான் ஊசியைப் பார்த்தா கை நடுங்குது. இத்தனைக்கும் தையல்காரங்க.

— துணியில குத்துறது வேற, உசுருல குத்துறது வேற. சர்க்கரை மிஷின் என்ன சொல்லுது?

— நூத்திப் பத்து. ஊசியை நிறுத்தி ரெண்டு வாரமாகியும் ஏறல. இனிமே தினமும் பாக்க வேண்டாம், மாசத்துக்கு ஒரு தரம் தூக்கிட்டு வந்தா போதும்னு டாக்டர் சொல்லிட்டாங்க.

— அதெப்படி, வந்த சர்க்கரை போகுமா?

— சில பூனைக்குப் போகும்மா. சர்க்கரை ஏறியே கிடந்தா கணையம் களைச்சுப் போயிடும். நாம வெளியிலேர்ந்து இன்சுலின் குடுத்து, மாவுச்சத்தைக் குறைச்சா அதுக்கு ஓய்வு கிடைக்குது. லிஃப்ட்டுல ஆள் அதிகமாயிட்டா நாலு பேரை இறக்கிவிடுறோமில்ல, அந்த மாதிரி. திரும்பவும் வரலாம். தண்ணி நிறைய குடிக்குதான்னு பாத்துக்கங்க.

— எதைக் கேட்டாலும் லிஃப்ட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயிடுவீங்க.

— என் தொழில் அது. கல்யாணமாகி அஞ்சு வருஷம், உங்க பொண்ணு இங்க வரும்போதெல்லாம் நான் தெருமுனையில பைக்லயே நின்னேன். இவன் புண்ணியத்துலதான் இந்த வாசப்படி மிதிச்சேன். டேய் பட்டன், உனக்குக் கோடி கும்பிடுடா.

— பழசெல்லாம் எதுக்கு இப்ப?

— சரிம்மா. சர்க்கரை மிஷினை இந்த டப்பாவுல வச்சிருக்கேன். நாளையிலேர்ந்து காலையில நீங்க நிம்மதியா தைக்கலாம்.

— நிம்மதியா. ம்.

— ஒண்ணுதான் எனக்குப் புரியல. போன மாசம் வேலை பாத்த கட்டடத்துல நானே லிஃப்ட்டுல மாட்டி, சாயங்காலம் ஏழு மணிக்கு வரவேண்டியவன் ஒன்பதுக்கு வந்தேனே. ஊசியை எடுத்தேன், நீங்க தடுத்துட்டீங்க.

— ஒரு வேளை விட்டுப்போனா பரவாயில்ல, ரெண்டு தரம் போட்டாத்தான் ஆபத்துன்னு நீங்கதானே சொன்னீங்க.

— சொன்னேன். ஆனா அன்னைக்கு ராத்திரி ஒரு தரமும் போடலையே. மறுநாள் காலையில எகிறியிருக்கணும். எப்பவும் போல இருந்துச்சு. டாக்டருக்கே ஆச்சரியம்.

— அந்த நூலை இப்படிக் குடுங்க.

— பேச்சை மாத்துறீங்க. இந்தாங்க. என்னம்மா, கண்ணாடி கூடப் போடாம ஒரே குத்துல கோத்துட்டீங்க?

— நாற்பது வருஷமா கோக்குற கை. அது எங்க நடுங்கப்போகுது.

— அப்போ அன்னைக்கு ஊசி...

— ஏழு மணிக்கே போட்டுட்டேன். முதல் வாரத்துலயே கத்துக்கிட்டேன். சொன்னா நீங்க வரமாட்டீங்க, வாங்கன்னு கூப்பிட எனக்கு வாய் வரல. நாளைக்கும் ஏழு மணிக்கு வந்துடுங்க, மாப்பிள்ளை.