கொடியம்மா எழுதிய கடைசி வரி

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, நம்மை விட்டுப் பிரிந்த மருத்துவரின் கணவரே, மகளே, ஆய்வகத் தோழர்களே, வேலையை முடித்துச் சீருடை மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருப்பவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

திசு ஆய்வுத் துறைத் தலைவர், பேராசிரியர் என்று அவர் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும். பிரசவ அறையில் அவருக்கு ஒரே பட்டம்தான்: கொடியம்மா! பிள்ளை பிறந்தால் எல்லோரும் பிள்ளையைப் பார்ப்போம். கரு கலைந்தால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இரண்டு இடத்திலும் 'நஞ்சுக்கொடி எங்கே?' என்று கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். தாய்க்கும் கருவுக்கும் நடுவில் நின்று உணவும் மூச்சும் கொடுத்தது அதுதானே, அதைக் கேட்காமல் யாரைக் கேட்பது என்பார். கழிவுக்குப் போகிற வாளியை வழிமறித்துத் திருப்புவார். அவர் தலை தெரிந்தாலே துப்புரவு ஊழியர்கள் வாளியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

நான் பிரசவ மருத்துவர். எனக்கு எப்போதும் அவசரம். அவருக்கு எப்போதும் நிதானம். கீரியும் பாம்பும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தோம்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களே சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். அந்தப் பெண் பேருந்து நடத்துநர். மூன்று முறை வாயும் வயிறுமாக இருந்தார், மூன்று முறையும் தங்கவில்லை. கடைசியாக ஐந்தாம் மாதத்தில் போனது. பஸ் குலுங்கிக் குலுங்கித்தான் கரு கலைந்தது என்று வீட்டில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். வேலையை விடு, இல்லையென்றால் வீட்டை விடு என்றார் மாமியார். கணவரோ இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கொடியம்மா மூன்று பேரையும் தன் அறைக்கு அழைத்தார். இருவர் ஒரே நேரத்தில் பார்க்கிற நுண்ணோக்கி ஒன்று அங்கே உண்டு, மாணவர்களுக்காக வாங்கியது. அதன் ஒரு பக்கம் மாமியாரை உட்காரவைத்து, எதிர்ப்பக்கம் தான் உட்கார்ந்தார். கடைசியாகக் கலைந்த கருவின் நஞ்சுக்கொடியிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார்.

"செவப்பா அடைச்சிருக்கு பாருங்க, அது ரத்தக்கட்டி. பிள்ளைக்குப் போற வழியெல்லாம் அடைச்சுப்போச்சு. பஸ் குலுங்கினா இப்படி ஆகாதும்மா."

அந்த அம்மா வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. எடுக்காமலே கேட்டார்: "இவன் பொறக்கறதுக்கு முன்னாடி எனக்கும் ரெண்டு போச்சு, டாக்டரம்மா. தண்ணி தூக்கினதாலன்னு சொன்னாங்க. அதுவும் இப்படித்தானா?"

கொடியம்மாவுக்கு ஆறுதலுக்காகக்கூடப் பொய் வராது. "அதை யாரும் எடுத்து வைக்கலியேம்மா. இப்ப நான் எப்படிச் சொல்ல? ஆனா தண்ணி தூக்கினதால இல்ல. அது நிச்சயம்."

அந்த அம்மா அழுதார். கைக்குட்டையை நீட்டியது மருமகள்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது அன்றைக்கு அந்த அறையில் முடிந்தது.

மருமகளின் ரத்தப் பரிசோதனையிலும் இப்படி ரத்தம் கட்டுவதற்கான குறி தெரிந்தது. நான் உடனே மருந்து எழுதத் துடித்தேன். கொடியம்மா குறுக்கே நின்றார். ஒரு காய்ச்சல் வந்து போனால்கூட அந்தக் குறி தலைகாட்டும், மூன்று மாதம் கழித்து மறுபடியும் இருந்தால்தான் நம்பலாம் என்றார். "மூணு தடவை ஏமாந்தவ. நாமளும் ஏமாத்தக் கூடாது." மறுபடியும் இருந்தது. அடுத்த கர்ப்பத்தில் தினமும் ஒரு மாத்திரை, வயிற்றில் ஓர் ஊசி. ஊசி போடக் கற்றுக்கொண்டு போட்டுவிட்டது யார் தெரியுமா? அதே மாமியார்! இதோ, மூன்றாம் வரிசையில் அவர் மடியில் தூங்குகிறாளே, அவள்தான் பலன்.

எல்லாக் கதையும் இப்படி முடிந்ததா? இல்லை. எத்தனையோ பேருக்குக் காரணமே கிடைக்கவில்லை. கிடைத்தும் சிலருக்குக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் எந்த அறிக்கையானாலும் கடைசியில் ஒரு வரி எழுதாமல் கொடியம்மா கையெழுத்துப் போட்டதில்லை: 'வேலை செய்ததாலோ, பயணம் போனதாலோ, அழுததாலோ இந்தக் கரு கலையவில்லை.'

காரணம் தெரியவில்லை என்று மேலே எழுதிவிட்டு, கீழே இதை எப்படி எழுதுகிறாய் என்று நான் ஒருமுறை மல்லுக்கு நின்றேன். "தெரியாததைத் தெரியலன்னு எழுதறேன். தெரிஞ்சதைத் தெரியும்னு எழுதறேன். இதுல உனக்கு என்ன கஷ்டம்?" என்றார்.

இயக்குநர் அவர்களே, அடுத்த மாதம் புதிய கணினி முறை வருகிறது, அறிக்கையில் அந்த வரிக்கு இடமில்லை என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். இரங்கல் கூட்டத்தில் சண்டை போடக் கூடாது, எனக்கும் தெரியும். ஆனால் இதற்காகச் சண்டை போடுகிறவர் போய்விட்டாரே, நான் என்ன செய்வது?

ஆகவே இந்தச் சபையில் சொல்கிறேன். கணினியில் இடம் கிடைக்கிறவரை அந்த வரியை என் கையால் எழுதுவேன். என் கையெழுத்தைக் கோழி கிளறினது என்று கொடியம்மா கேலி செய்வார். அதனால் எழுதுவதோடு நிறுத்த மாட்டேன், வீட்டார் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்தும் காட்டுவேன். எங்கள் துறையில் எல்லோரும் செய்வோம்.

முதல் தாள் இதோ என் கையில் இருக்கிறது. இன்று காலை அந்த மாமியார் என்னிடம் வந்து, "அந்த டாக்டரம்மாகிட்ட எனக்கும் ஒண்ணு எழுதித் தரச் சொல்லிக் கேக்கணும்னு இருந்தேன், கேக்காமலே விட்டுட்டேன்" என்றார். உடனே எழுதினேன். சபையில் வாசிக்கலாமா என்று கேட்டேன். "நாலு பேர் முன்னாடிதானே பழி சொன்னாங்க. நாலு பேர் முன்னாடியே வாசிங்க" என்றார்.

அம்மா, எழுந்திருக்க வேண்டாம், குழந்தை விழித்துக்கொள்ளும். அங்கேயே இருந்து கேளுங்கள்.

'தண்ணீர் தூக்கியதாலோ, வேலை செய்ததாலோ, அழுததாலோ உங்கள் இரண்டு கருவும் கலையவில்லை.'